ஓடைத் தண்ணீரும் நூறு கிராம் வடிகட்டியும்

உலு லங்காட்டின் பங்சூன் பக்கமிருந்து குனோங் நுவாங் ஏறுகிறவர்கள் முதலில் போடவேண்டியது தண்ணீர்க் கணக்கு. உயரம் 1,493 மீட்டர். சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. வேகமாக நடப்பவருக்கே போய்த் திரும்ப எட்டு மணி நேரம் பிடிக்கும், மற்றவர்களுக்குப் பத்துக்கு மேல். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏற்றம் ஏறும்போது மணிக்கு அரை லிட்டராவது உள்ளே போகவேண்டும். ஆக நாலைந்து லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ என்றால், சோற்றுப் பொட்டலமும் மழைக்கோட்டும் வைப்பதற்கு முன்பே முதுகில் ஐந்து கிலோ ஏறிவிடும். வழியில் கெம் லோலோவில் ஓடை ஓடுகிறது. அந்த நீரைச் சுத்தம் செய்ய ஒரு கருவி இருந்தால் ஒன்றரை லிட்டரோடு கிளம்பலாம். லோலோவில் நிரப்பிக்கொண்டு செங்குத்து ஏற்றத்தில் கால்வைக்கலாம், இறங்கும்போது இன்னொரு முறை நிரப்பலாம்.

நூறு கிராம்கூட எடையில்லாத வடிகட்டிகள் விற்பனைக்கு வந்திருப்பது இதற்காகத்தான். கோலாலம்பூரில் மலையேற்றச் சாமான் விற்கும் கடைகளிலும் இணையச் சந்தையிலும் நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இவற்றில் பல வட அமெரிக்க, ஐரோப்பிய மலைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பெட்டியில் அச்சடித்த உறுதிமொழியும் அந்த மலைகளின் நோய்களுக்கானது. நம் காட்டு நீரில் அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கிருமியும் உண்டு. எதை வாங்குவது என்பதைவிட, வாங்கியதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அந்தக் கிருமிதான் முடிவு செய்கிறது.

அதற்கு முன் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூக்கிட் காசிங்கோ புரோகாவோ ஏறி, பத்து மணிக்குள் இறங்கித் தோசைக்கடைக்குப் போகிறவருக்கு வடிகட்டியே தேவையில்லை. வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒன்றரை லிட்டர் போதும். நகரத்தை ஒட்டிய குன்றுகளின் ஓடைகளில் சாக்கடையும் கலந்திருக்கலாம், சாலை எண்ணெயும் கலந்திருக்கலாம். அந்த நீரைத் தொடாமல் இருப்பதே நல்லது. வடிகட்டி வேண்டியவர்கள் நுவாங் போல முழுநாள் நடப்பவர்கள், காட்டில் இரவு தங்குபவர்கள், மெராப்போ வழியாகவோ கோல தாஹான் வழியாகவோ பல நாள் நடந்து 2,187 மீட்டர் குனோங் தாஹானை ஏறுபவர்கள். தாஹானுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் வீட்டிலிருந்து யாராலும் சுமக்க முடியாது.

நீரில் இருக்கும் உயிர்களை அளவு வாரியாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ஒருசெல் ஒட்டுண்ணிகளில் ஜியார்டியா எட்டு முதல் பன்னிரண்டு மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் நாலு முதல் ஆறு. சிலாங்கூரின் பொழுதுபோக்கு ஆறுகளில் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் கண்டிருக்கிறார்கள். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அரை மைக்ரானுக்கு மேல் பருமன். வைரஸ்கள் மிகச் சிறியவை. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ் 0.03 மைக்ரான்கூட இருக்காது.

இலகு வடிகட்டியின் வயிற்றுக்குள் இருப்பது நுண்குழல் இழைகள். சேமியாக் கட்டை வளைத்து மடித்துக் குழாய்க்குள் திணித்ததுபோல் இருக்கும். ஒவ்வோர் இழையும் உள்ளே பொள்ளலானது. அதன் சுவரெங்கும் நுண்துளைகள். அழுக்கு நீர் இழைக்கு வெளியே நிற்கும். பையைப் பிழிந்தால் நீர் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே போய் மறுமுனையில் வெளிவரும். சாயர் ஸ்குவீஸ், கட்டாடின் பீஃப்ரீ ஆகிய இரண்டிலும் துளையின் அளவு 0.1 மைக்ரான். உறிஞ்சிக் குடிக்கும் லைஃப்ஸ்ட்ராவில் 0.2. ஒட்டுண்ணிகளும் வழக்கமான பாக்டீரியாக்களும் இந்தச் சுவரைத் தாண்டாது. வைரஸ் தாண்டிவிடும்.

பெட்டியில் 99.9999 சதவீதம் பாக்டீரியா நீக்கம் என்று போட்டிருப்பார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் எந்தப் பாக்டீரியாவை வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்கவேண்டும். சோதனைக்கூட வழக்கம் குண்டான, கோல் வடிவக் குடல் பாக்டீரியா ஒன்றை நீரில் கலந்து பார்ப்பது. எலிக் காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா அந்தச் சாதியே இல்லை. அதன் நீளம் ஆறு முதல் இருபது மைக்ரான், பருமனோ வெறும் 0.1 மைக்ரான் அளவு. சுருள் வடிவத்தில் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு முன்னேறும் உயிர் அது. மற்றப் பாக்டீரியாக்கள் கலந்துவிட்ட மாதிரியிலிருந்து லெப்டோஸ்பைராவைப் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் கையாளும் முறையே 0.2 மைக்ரான் வடிகட்டிதான். மற்றவை மேலே நின்றுவிடும், இது மட்டும் கீழே இறங்கிவிடும். ஆகவே 0.2 மைக்ரான் கருவி ஒன்றை வாங்கி, எலிக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றும் என்று நம்பினால் அது வீண். 0.1 மைக்ரான் அதைவிட மேல், ஆனாலும் அதை மட்டும் நம்பி நான் குடிக்கமாட்டேன்.

இது ஏட்டுப் பயம் இல்லை. 2000 ஆம் ஆண்டு சபாவில் எக்கோ சேலஞ்ச் என்ற பன்னாட்டுச் சாகசப் பந்தயம் நடந்தது. 304 வீரர்கள் காட்டிலும் ஆற்றிலும் பல நாள் போட்டியிட்டு ஊர் திரும்பினார்கள். பிறகு பல நாடுகளின் மருத்துவமனைகளுக்கு ஒரே மாதிரிக் காய்ச்சலோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விசாரித்தவர்களால் தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக் காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன, 29 பேர் மருத்துவமனையில் கிடந்தார்கள். நல்லவேளை, யாரும் சாகவில்லை. சேகாமா ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணம் என்று முடிவானது. 2010 இல் பகாங் மாநிலம் மாரானில் உள்ள லூபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேடி இறங்கியவர்களுக்கு அத்தனை அதிர்ஷ்டம் இல்லை. எலிக் காய்ச்சலும், மண்ணிலிருந்து பரவும் மெலியோய்டோசிஸும் சேர்ந்து தாக்கி எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில்தான் மலேசியாவில் எலிக் காய்ச்சல் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தது.

இரண்டு சம்பவங்களிலும் நோய் வந்த பாதையைக் கவனியுங்கள். கிருமி எலி முதலான விலங்குகளின் சிறுநீரோடு மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. பிறகு கால் கீறல், அட்டை கடித்த புண், கண், மூக்கு வழியாக உள்ளே நுழைகிறது. குடித்துத்தான் வரவேண்டும் என்றில்லை. உலகத்திலேயே விலையுயர்ந்த வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு புண்ணான காலோடு முழங்கால் நீரில் நின்றால் பயன் ஏதும் கிடையாது. காயத்தை நீர் புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். அருவிக் குளத்தில் தலை முங்கி வாயில் நீர் வாங்கிக் கொப்பளிக்கும் பழக்கத்தை விடுங்கள். நாட்கணக்கில் ஆற்றோடு நடக்கப்போகிறவர்கள் டாக்சிசைக்ளின் மாத்திரை பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசலாம். சபா பந்தயத்திலும் அதைச் சாப்பிட்டுவந்தவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரியவந்தது.

லெப்டோஸ்பைராவுக்கு ஒரு பலவீனம் உண்டு. துளைகளில் நுழைந்து தப்பும் கெட்டிக்காரக் கிருமி, வெப்பத்துக்கும் குளோரினுக்கும் சட்டென்று செத்துப்போகும். நம் காட்டுக்கு இரண்டு படி என்று நான் சொல்வது அதனால்தான். முதலில் வடிகட்டுவது, பிறகு மாத்திரை போடுவது அல்லது கொதிக்கவைப்பது. குளோரின் மாத்திரையும் குளோரின் டையாக்சைடு மாத்திரையும் சில கிராம்தான். வடிகட்டிய தெளிந்த நீரில் போட்டு அரைமணி நேரம் விட்டால் வைரஸும் பாக்டீரியாவும் ஒழியும். மாத்திரையால் எளிதில் சாகாத கிரிப்டோஸ்போரிடியத்தை வடிகட்டி முன்பே பிடித்துவைத்திருக்கும். இல்லையென்றால் குளோரின் டையாக்சைடுக்கே நாலு மணி நேரம் வேண்டும். ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தும் எடை நூறு கிராமைச் சுற்றியே நிற்கும். அயோடின் மாத்திரை கிடைத்தால் கர்ப்பிணிகளும் தைராய்டுக் கோளாறு உள்ளவர்களும் தொடவேண்டாம்.

கொதிக்கவைப்பது நம் வீட்டில் தாத்தா பாட்டி காலத்து வழி, இன்றும் அதை மிஞ்சியது இல்லை. நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். தீபகற்ப மலேசியாவில் அந்த உயரத்தைத் தாண்டும் மலைகள் சிலவே, தாஹான் அவற்றில் ஒன்று. ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்கப் பத்துப் பதினைந்து கிராம் எரிவாயு செலவாகும். எல்லா நீரையும் காய்ச்சிக் குடிப்பதென்றால் இரண்டு நாளிலேயே எரிவாயு டப்பாவின் எடை வடிகட்டியை மிஞ்சிவிடும். இரவு முகாமில் மைலோவுக்கும் சோற்றுக்கும் எப்படியும் அடுப்பு பற்றவைக்கிறோம், மறுநாள் காலைக்கான ஒரு லிட்டரையும் அப்போதே காய்ச்சிப் போத்தலில் ஊற்றிவிடலாம். பகலில் வழிநடைக்கு வடிகட்டியும் மாத்திரையும்.

இனி கருவிகள். சாயர் ஸ்குவீஸ் சுமார் 85 கிராம். பெரிதாக அழகில்லை, ஆனால் பின்னோக்கி நீரைச் செலுத்திக் கழுவ முடியும். சாதாரண கோலா போத்தலின் கழுத்திலேயே திருகிக்கொள்ளும் என்பதுதான் எனக்குப் பெரிய காரணம். கூடவரும் பை கிழிந்தால் அடுத்த ஊர் ஒட்டுக்கடையில் ஒரு போத்தல் வாங்கிச் சமாளிக்கலாம். தம்பி மாதிரியான சாயர் மினி 57 கிராம்தான், ஆனால் ஓட்டம் மெதுவு. அந்த முப்பது கிராம் மிச்சத்துக்கு ஆசைப்பட்டால் ஓடைக்கரையில் கொசுக்கடி வாங்கிக்கொண்டு பிழிந்தபடி உட்காரவேண்டும். கட்டாடின் பீஃப்ரீ தன் மென்போத்தலோடு சேர்த்தே 60 கிராமைச் சுற்றி வரும். புதிதாக இருக்கும்போது இவற்றில் எதுவும் அதன் வேகத்துக்கு ஈடில்லை. கழுவுவது வெறும் குலுக்கல். ஆனால் அகலமான அதன் திருகுக்குப் பொருந்தும் போத்தல் எளிதில் கிடைக்காது. மண் கலந்த நீரில் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மூச்சுத் திணறும். பிளாட்டிபஸ் குவிக்டிரா ஸ்குவீஸுக்கும் பீஃப்ரீக்கும் நடுவே நிற்கிறது. லைஃப்ஸ்ட்ராவை ஓடையில் கவிழ்ந்து உறிஞ்சிக் குடிக்கலாமே தவிர, போத்தலில் நிரப்பி எடுத்துப்போக முடியாது. நுவாங் கணக்குக்கே அது உதவாது.

வைரஸையும் சேர்த்து நீக்கும் கருவிகளும் உண்டு. கிரேல் ஜியோபிரெஸ் 710 மில்லி கொள்ளும் கனமான போத்தல், 450 கிராம். உள்குவளையைக் கீழே அழுத்தினால் சில நொடியில் நீர் ரெடி. எம்எஸ்ஆர் கார்டியன் துளையளவு 0.02 மைக்ரான், எடை 490 கிராம். நேப்பாளம், வட இந்தியா என்று அலைபவருக்கு இவை பொருத்தம், ஏனென்றால் அங்கே நீர்நிலைக்கு மேலே ஊர் இருக்கும். ஆளரவமற்ற மலேசியக் காட்டின் மேல்பகுதியில் மனித மலத்திலிருந்து வரும் வைரஸ் பெரிய பயமில்லை. முகாமுக்குப் பக்கத்தில்தான் பயம். புற ஊதாக் கதிர்க் குச்சி எடை குறைவு, தெளிந்த நீரில் நன்றாக வேலை செய்யும். ஆனால் கலங்கல் நீரில் ஒளி ஊடுருவாது, மின்கலம் தீர்ந்தால் அதோடு சரி.

கலங்கல்தான் நம் ஊரில் வடிகட்டிக்கு எமன். பிற்பகலில் ஒரு மழை கொட்டினால் போதும், காலையில் கண்ணாடிபோல் இருந்த ஓடை மாலையில் மண்ணாகப் பாயும். அந்த நீரை நேரே வடிகட்டியில் விட்டால் சில லிட்டரிலேயே ஓட்டம் சொட்டாகிவிடும். ஆயிரம் லிட்டர், நாலாயிரம் லிட்டர் என்று பெட்டியில் போட்ட ஆயுளெல்லாம் தெளிந்த நீருக்கான கணக்கு. முதலில் பையில் பிடித்து அரைமணி நேரம் தெளியவிடுங்கள். பிறகு மேல்நீரை மட்டும் நாலாக மடித்த பழைய வேட்டித் துண்டு வழியாக ஊற்றுங்கள். கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசும் வழக்கம் தமிழ்நாட்டில் பழங்காலந்தொட்டு இருக்கிறது. படிகாரம் செய்வதும் அதே வேலை: மிதக்கும் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் இறக்கிவிடும். சிட்டிகை படிகாரம் பையில் இருந்தால் மழைநாளில் வடிகட்டியின் ஆயுள் கூடும். தெளிந்த நீர் சுத்தமான நீர் ஆகிவிடாது. கிருமி அப்படியே இருக்கும்.

எங்கே பிடிக்கிறோம் என்பதும் பாதி வேலை. வாரக்கடைசியில் லோலோ போன்ற முகாம்களில் கூடாரங்கள் நெருக்கியடித்து நிற்கும். சட்டி கழுவுவது, குளிப்பது, மற்றதெல்லாம் அதே ஓடையை ஒட்டித்தான். முகாமுக்கு மேலே நடந்து போய்ப் பிடியுங்கள். தேங்கிய குட்டையை விட்டு ஓடும் நீரை எடுங்கள். பெரிய ஆற்றைவிட அதில் வந்து சேரும் சிறு கிளையோடை மேல். கேமரன் மலைப் பக்கம் போகிறவர்கள் காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் நீரை எந்தக் கருவியை வைத்தும் குடிக்கவேண்டாம். உரமும் பூச்சிமருந்தும் நீரில் கரைந்தவை, நுண்குழல் இழையின் துளை அவற்றுக்கு அகலத் திறந்த கதவு. கரித்தூள் அடைத்த வடிகட்டி ஓரளவு குறைக்கும், முற்றாக அல்ல. 2020 செப்டம்பரில் ராவாங்கின் சுங்கை கோங்கில் கலந்த கரைப்பான் கழிவின் நாற்றத்தால் சுங்கை சிலாங்கூர் நீரை நம்பிய நாலு சுத்திகரிப்பு ஆலைகள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. அத்தனை பெரிய ஆலைகளே இரசாயனத்துக்குக் கதவை மூடிக்கொண்டன, 85 கிராம் பிளாஸ்டிக் குழாய் என்ன செய்யும்?

குழுவாகப் போகிறவர்கள் வேறு மாதிரி யோசிக்கவேண்டும். கிள்ளானிலிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் வேன் பிடித்துப் பத்துப் பேர் கிளம்பினால் பத்துப் பேரும் பிழிந்துகொண்டிருப்பது வீண்வேலை. நாலு லிட்டர் அழுக்குப் பையை மரக்கிளையில் தொங்கவிட்டு, குழாய் வழியாகக் கீழ்ப்பைக்கு நீர் தானாக இறங்கும் ஈர்ப்பு வடிகட்டி சுமார் 300 கிராம். ஆளுக்கு முப்பது கிராம்தான் பங்கு. கூடாரம் கட்டி முடிப்பதற்குள் நீர் நிறைந்திருக்கும்.

அழுக்குப் பையையும் சுத்தப் போத்தலையும் குழப்பாதீர்கள். அழுக்குப் பைக்குச் சிவப்பு நாடா கட்டுங்கள். திருகில் ஒட்டிய ஒரு சொட்டு ஓடைநீர் சுத்தப் போத்தலுக்குள் விழுந்தாலே செய்த வேலை பாழ். காட்டு வயிற்றுப்போக்கில் ஒரு பங்கு நீரால் வருவதே இல்லை, சோப்பு காணாத கையால் வருகிறது. சின்னச் சோப்புத் துண்டு வடிகட்டியைவிட மலிவு.

வீடு திரும்பியதும் வடிகட்டியை ஈரத்தோடு பைக்குள் மறந்துவிடுவது பலரின் வழக்கம். நம் ஈரப்பதத்தில் அடுத்த மாதம் எடுத்து முகர்ந்தால் பாசி வாடை அடிக்கும். குழாய்நீரால் பின்னோக்கிக் கழுவுங்கள். வாசனை சேர்க்காத சலவைக் குளோரின் சில சொட்டுக் கலந்த நீரை உள்ளே ஓடவிட்டு, பிறகு நன்றாக உலர்த்துங்கள். அடுத்த பயணத்துக்கு முன் ஈரப்படுத்தி வாயால் ஊதிப் பாருங்கள். நனைந்த நல்ல இழை காற்றை விடாது. காற்று சுலபமாகப் போனால் இழை எங்கோ அறுந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். பாறையில் விழுந்த கருவியை இப்படிச் சோதிக்காமல் நம்பக்கூடாது. இமயமலைக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு வேறொரு எதிரி உண்டு: ஒருமுறை நனைந்த இழைகளுக்குள் நீர் உறைந்தால் அவை வெடித்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. இரவில் வடிகட்டியைத் தூக்கப்பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டிலிருந்து வந்து இரண்டு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், கடுமையான காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். கோலாலம்பூரில் காய்ச்சல் என்றாலே மருத்துவர் முதலில் டெங்கியைத்தான் நினைப்பார், அதில் தவறில்லை. எந்த மலை, எந்த ஆறு, என்றைக்கு இறங்கினீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.